ஷூயுன் கலந்த தண்ணீர்

ஷூயுன் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்ததை இலான் ஊரில் யாரும் தப்பாகப் பேசவில்லை. அவள் கொண்டுவரப்போகும் சீதனத்தைப் பார்த்துத்தான் வந்தவர்களெல்லாம் பின்வாங்கினார்கள். சீதனம் என்பது அவளுடைய மாமனார்.

கிழவர் குவானுக்கு எழுபது தாண்டிவிட்டது. வாலிபத்தில் சோங்ஹுவா ஆற்றில் பனிக்கட்டி அறுத்தவர். மகன் நுரையீரல் நோவில் போன பிறகு வீட்டில் அவரும் மருமகளும்தான். புருஷனை இழந்தவள் மறுமணம் செய்தால் பழைய மாமனாரையும் கூடவே அழைத்துப் போவதும், புது மாப்பிள்ளை அந்த வீட்டுக்கே வந்து கிழவருக்கு மகனாக இருப்பதும் அந்தப் பக்கத்தில் வழக்கத்தில் உள்ளதுதான். அதனால் வரன் பார்க்க வந்தவர்கள் ஷூயுனை ஒரு தடவை பார்த்தார்கள், கிழவரைப் பல தடவை பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்தது போதாதென்று கிழவரும் அவர்களைப் பார்த்தார். லாரி ஓட்டும் ஒருவன் வந்தபோது, அடியில் அடுப்புச் சூடு ஓடும் காங் மேடையில் மரியாதைக்குரிய சூடான மூலையில் அவனை உட்காரவைத்து, "குளிருதா தம்பி, குளிருதா தம்பி" என்று கேட்டுக் கேட்டு விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பெரியவர் சொல்லாமல் எழுந்திருப்பது மரியாதை இல்லை என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்தபோது கால்சட்டையின் பின்பக்கம் பழுப்பேறியிருந்தது. பன்றிக்கறிக் கடைக்காரன் ஒருவன் வந்தான். அவனுக்கு வெளியே கிடந்த உறைந்த பேரிக்காயை எடுத்து, ஊறவைக்காமல் அப்படியே கையில் கொடுத்து, "எங்க வீட்ல இப்படித்தான் சாப்பிடுவோம், கடிங்க" என்றார். அவன் ஒரு முன்பல்லை அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.

"நான் என்ன பண்ணினேன்? உபசாரம் பண்ணினேன்" என்பார் கிழவர்.

"உங்க உபசாரத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்த்துக் குடுக்கணும்பா" என்பாள் ஷூயுன். மாமனாரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

நாற்பத்தொரு வயதில் ஷூயுன் எப்படி இருந்தாள் என்றால், விடிவதற்கு முன்பே சோயாவை அரைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தப் பாலில் கசப்பு உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் திரியவைத்து, துணியில் கட்டிக் கல்லை ஏற்றி, பலகை பலகையாக டோஃபு ஆக்கிச் சறுக்குவண்டியில் சந்தைக்கு இழுத்துப் போகிறவளுக்கு எப்படித் தோள் இருக்குமோ அப்படி இருந்தாள். முகம் மட்டும் ஆவியிலேயே இருந்து இருந்து இளசாக இருந்தது. பேச்சில் உப்புநீரின் அளவு கொஞ்சம் தூக்கல்.

மாமனாருக்கும் அவளுக்கும் தினமும் ஏதாவது ஒரு சண்டை. சண்டையில்லாத நாளில் இருவருக்கும் உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டு லோ அக்கா வந்து விசாரிப்பாள். பெரிய சண்டை சாராயத்துக்காக. இரத்த அழுத்தம் இருக்கிறது, குடிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும் என்று கிழவர் சொன்னார். அதன்பிறகு அந்தப் பேச்சை ஷூயுன் எடுக்கவில்லை. தானே கடைக்குப் போய் அறுபது டிகிரிச் சோளச் சாராயத்தை வாங்கிவந்தாள். பாதியை ஒளித்து வைத்தாள். மீதிப் பாதியில் காய்ச்சி ஆறிய தண்ணீரை நிரப்பி மாமனாரின் புட்டியில் ஊற்றிவைத்தாள். கிழவர் முதல் வாய் குடித்துவிட்டுப் புட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இன்னொரு வாய் குடித்தார். நாக்குக்கு வயதாகிவிட்டது, பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றுமுதல் வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. சாராயத்தோடு தண்ணீரைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு விரற்கடை குறைந்துபோவதுதான் அவளுக்குப் புரியாத ஒரே விஷயம். எங்கே போகிறது என்று அடுப்படியெல்லாம் தேடியிருக்கிறாள்.

இந்தக் கேள்விதான் அவளைத் தாவ் வாத்தியாரிடம் கொண்டு சேர்த்தது.

தாவ் அந்த ஊர்ப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். நாற்பத்தைந்து வயது, ஒல்லி, மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருக்கும். கல்யாணமே ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் எதையாவது விளக்கிச் சொல்லியே காரியத்தைக் கெடுத்துக்கொண்டவர் என்று பெயர். ஒரு வீட்டில் தேநீர் கொடுத்தார்களாம். தேநீர் ஏன் ஓரத்தில் வளையமாகக் காய்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் பெண் தூங்கிவிட்டாளாம்.

அவள் சந்தைக்குக் கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே நடக்கும் வியாபாரத்தில் அவர் தினமும் உறைந்த டோஃபு வாங்க வருவார். இரவில் வெளியே பலகையில் வைத்தால் டோஃபு கல்லாக உறையும். உருகியதும் உள்ளே தேனடை மாதிரி ஓட்டைகள் இருக்கும், குழம்பை நன்றாக உறிஞ்சும். ஒருநாள் அவள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

"ஏன் வாத்தியாரே, இந்த ஓட்டை எங்கேர்ந்து வருது?"

வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். வாத்தியார் கையுறையைக் கழற்றினார்.

"தண்ணின்னா கோடானுகோடி மூலக்கூறு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன். இவங்க மூணு பேருக்கும் நடுவுல இருக்கிறது கல்யாணம் மாதிரி. லேசுல பிரியாது, தண்ணியக் கொதிக்க வச்சாலும் பிரியாது. ஆனா பக்கத்து மூலக்கூறோட இருக்கிறது அப்படியில்ல. அது சும்மா கை கோத்துக்கிறது. சூடா இருந்தா பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும்."

"கல்யாணம் ஆனதுங்க பக்கத்து வீட்டோட கை கோத்துக்குதா? இதையா பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றீங்க?" என்றாள் ஷூயுன்.

வரிசை சிரித்தது. வாத்தியாருக்கு அது காதில் விழவில்லை.

"குளிர ஆரம்பிச்சா பிடிச்ச பிடியை விடாது. கையை நல்லா நீட்டிப் பிடிச்சுட்டு அசையாம நிக்கும். முண்டியடிக்கிற கூட்டத்துக்குக் கொஞ்ச இடம் போதும். கை நீட்டி நிக்கிற கூட்டத்துக்கு?"

"அதிக இடம் வேணும்."

"அதான் ஓட்டை. அதான் பனிக்கட்டி மிதக்குது. அதான் போன வருஷம் உங்க முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பானை வெடிச்சுது."

ஷூயுன் அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். பானை வெடித்தபோது மாமனார் ஒரு மாதம் திட்டினார், லோ அக்கா பேய் பிடித்த வீடு என்றாள். அவள்மேல் தப்பில்லை, தண்ணீர் கையை நீட்டியது என்று ஒரு மனிதன் சொல்கிறான். அவருக்கு ஒரு துண்டு டோஃபு அதிகமாக வைத்தாள். கிழவர் உள்ளேயிருந்து இருமினார்.

மறுநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சாராயத்தில் தண்ணீர் சேர்த்தால் ஏன் குறைகிறது என்று கேட்டாள். யார் சேர்க்கிறார்கள், எதற்கு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஆல்கஹாலும் தண்ணீரும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்துவிடுகின்றன, அதனால் மொத்த இடம் குறைகிறது என்றார். எதற்கு என்று கேட்காததில்தான் ஷூயுனுக்கு அவரைப் பிடித்துப்போனது. அந்தக் குளிர்காலத்து நாட்களிலெல்லாம் அவர் விளக்கினார், அவள் தூங்காமல் கேட்டாள். சில இடங்களில் திருத்தினாள், சில இடங்களில் கேலி செய்தாள். கடைசியில் ஒருநாள் வாத்தியார் டோஃபுக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "நான் வந்து உங்க அப்பாகிட்ட கேக்கட்டுமா?" என்றார். அதற்கு மட்டும் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

"கேளுங்க. அவர் கடிக்கச் சொன்னதைக் கடிக்காதீங்க, உக்காரச் சொன்ன இடத்துல உக்காராதீங்க" என்றாள் அவள்.

அவள் எச்சரிக்க விட்டுப்போனது ஒன்றே ஒன்று.

சந்திரக் கணக்குப் பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாளில் வாத்தியார் பெண் கேட்டு வந்தார். அன்றைக்குக் குளிரில் தாடை கழன்று விழும் என்பதால் ஒட்டரிசிக் கஞ்சி குடித்து ஒட்டிவைத்துக்கொள்ளவேண்டும் என்று ஊரே கிண்டிக் குடிக்கும் நாள். பெண் கேட்கும்போது பெண் வீட்டில் இருக்கக்கூடாது என்று ஷூயுன் கஞ்சியை மூடிவைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள். சந்தையில் அவளுக்குக் கை ஓடவில்லை. மென்மையான டோஃபு கேட்டவளுக்குக் கெட்டியானதைக் கொடுத்தாள். கிழவர் சரி என்று சொல்லாவிட்டால் அவள் போகமாட்டாள். அவரை விட்டுவிட்டுப் போகிற எண்ணம் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதை அவரிடம் சொன்னதும் இல்லை. அந்த வீட்டில் அந்த மாதிரிப் பேச்சுப் பேசுகிற பழக்கம் கிடையாது. இந்த வாத்தியாரும் போய்விட்டால், இனிமேல் டோஃபு ஓட்டையைப் பற்றிக்கூடப் பேச ஆளில்லை.

பாதிச் சரக்கோடு வண்டியைத் திருப்பினாள்.

சந்தின் முனையிலேயே கூட்டம் தெரிந்தது. அவள் வீட்டு இரும்புக் கதவுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கதவை ஒட்டி ஒரு மனிதர் குனிந்து நிற்கிறார். தலையில் கிழவரின் நாய்த்தோல் தொப்பி, முதுகில் கிழவரின் பஞ்சு கோட்டு. மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருக்கிறது. கதவின் இரும்பு வளையத்தை முத்தமிடுவதுபோல வாய். வளையத்தில் எப்போதும் சுற்றியிருக்கும் பழைய ரஜாய்த் துணியைக் காணோம். பக்கத்தில் டோஃபுத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கிழவர் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்.

"நாலாவது," என்று கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார், "பன்றிக்கறி, முட்டைக்கோஸ் கிண்டினா கொழுப்புத் துண்டு எனக்கு. இதுல ஏதாவது ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க வாத்தியாரே."

"ஆ... ஆ..." என்றார் வாத்தியார்.

"ஆட்சேபம் இல்லையாம். ஐஞ்சாவது."

ஷூயுன் வண்டிக் கயிற்றைப் போட்டாள். "என்ன நடக்குது இங்க?"

லோ அக்கா அதற்குத்தான் காத்திருந்தாள். மதில்மேல் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள்.

"ஐயோ, நீ இல்லாமப் போயிட்டியே. வாத்தியார் பேரிக்காய் கட்டிக் கொண்டுவந்து வாசல்ல நின்னு கும்பிட்டாரா, கிழவர் உள்ள விடல. 'குளிர்ல இரும்பு நாக்கைப் பிடிக்குதே, இரும்புக்கு ரத்தத்துமேல பசி, அதனாலதானே?' அப்படின்னு ஒண்ணும் தெரியாத மாதிரிக் கேட்டாரு. வாத்தியார் உடனே பேரிக்காயக் கீழ வச்சுட்டாரு. இரும்பு பிடிக்கல, நாக்குல இருக்கிற தண்ணிதான் இரும்போட குளிர்ல உறைஞ்சு அதோட சந்துபொந்துல எல்லாம் பல்லு ஊனிக்குது, இரும்பு பாவம் சும்மா நிக்குதுன்னாரு."

"அதுக்கு?"

"தண்ணி உறையாமப் பண்ணினா ஒட்டாதான்னு கேட்டாரு உன் மாமனாரு. ஒட்டாது, சாராயத்துல நாக்கை முக்கி எடுத்தா சாராயம் தண்ணிக்கு நடுவுல புகுந்து கை கோக்க விடாதுன்னு இவர் சொன்னாரு. கிழவர் ஓடிப்போய்த் தன் புட்டியவே எடுத்துட்டு வந்து, வளையத்துத் துணியையும் அவுத்துவிட்டு, 'எங்க வீட்டு மாப்பிள்ளை சொன்ன சொல்லுல நிக்கிறவரா இருக்கணும்'னாரு. வாத்தியார் வாய் நெறைய வச்சுக் கொப்புளிச்சாரு, நாக்கை நீட்டினாரு. அவ்வளவுதான்."

கூட்டத்திலிருந்து ஒருவர் சொன்னார்: "அறுபது டிகிரிச் சாராயம்மா. என் கொட்டாய்ல வெளியவே கிடக்கு, இந்தக் குளிருக்கும் தண்ணியாத்தான் இருக்கு. அது எப்படி உறைஞ்சுது?"

ஷூயுன் கிழவரின் புட்டியைப் பார்த்தாள். வாத்தியார் சொன்னதில் தப்பில்லை. புட்டியில் இருந்தது சாராயம் இல்லை. அவரை அந்த வளையத்தோடு பிடித்து வைத்திருப்பது அவள் காய்ச்சி ஆறவைத்து, அளந்து, கலந்து ஊற்றிய தண்ணீர்.

சொன்னால் இத்தனை வருஷத்துக் குட்டு உடையும். அவள் மெதுவாகத் திரும்பி மாமனாரைப் பார்த்தாள். கிழவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண் லேசாகச் சுருங்கியிருந்தது. அவருக்குத் தெரியும். முதல் வாய் குடித்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்தப் புட்டியைக் கொண்டுவந்திருக்கிறார்.

"பசங்கன்னா இந்நேரம் மூத்திரம் பேஞ்சு எடுத்துவிட்டிருப்பானுங்க. வாத்தியாருக்கு எப்படிச் செய்யறது?" என்றார் கூட்டத்து ஆள் யோசனையோடு.

"ஆஆ... ஆஆ..." என்று வாத்தியார் பதறினார்.

"அசையாதீங்க, இழுக்காதீங்க. தோல் உரிஞ்சுடும்" என்றாள் ஷூயுன். உதடும் ஒட்டிக்கொண்டதா என்று குனிந்து பார்த்தாள். நாக்கு நுனி மட்டும்தான். கோட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றிப் போர்த்திவிட்டு உள்ளே போனாள்.

கெண்டியில் கொதித்துக்கொண்டிருந்ததில் ஜாடித் தண்ணீரைச் சேர்த்து, டோஃபுப் பாலுக்கு உப்புநீர் விடும் பக்குவம் பார்ப்பதுபோல மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீர் சேர்த்தாள். பெரிய கெண்டி. நிறையத் தண்ணீர் வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால் அதுவும் உறைந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை வருஷம் அவள் குடித்தனம் செய்தது அந்தக் கிழவர் வீட்டில். அவரிடம் இருந்த சாமர்த்தியம் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்காதா?

வெளியே வந்து வளையத்துக்கு மேலே கெண்டியைப் பிடித்தாள். கெண்டி மூக்கிலிருந்து ஆவி வந்தது. கூட்டம் நெருங்கியது. அவள் ஊற்றவில்லை.

"ஊத்தும்மா" என்றார் கிழவர்.

"ஊத்தறேன்பா. நீங்க சம்மதம் சொல்லுங்க."

"எதுக்கு?"

"இவர் எதுக்கு வந்தாரோ அதுக்கு."

"அது அவர் வாயால கேக்கட்டும், சொல்றேன்."

"அவர் வாய் இப்ப நம்ம கதவோட இருக்கு. நீங்கதான் வச்சிருக்கீங்க."

கூட்டம் சிரித்தது. கிழவர் தொட்டியில் சரிந்து உட்கார்ந்தார். "நான் என் நிபந்தனை எல்லாம் சொல்லி முடிக்கல."

"சொல்லுங்க. எனக்கென்ன. தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. நீங்க பேசப் பேச ஆறும். ஆறினதை ஊத்தினா இன்னொரு சுத்து ஒட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பசங்க எல்லாம் இந்த வாசலுக்கு வந்து பாடம் படிப்பாங்க. பெரியவர் குவான் வீட்டுல பெண் கேக்க வந்தவர் நாக்கில்லாமப் போனாருன்னு ஊரு பேசும்."

"நாக்கில்லாம இருந்தா உனக்குத்தான் நல்லது. விளக்கம் கேக்க வேண்டாம்" என்றாள் லோ அக்கா.

ஷூயுன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிழவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் விளையாட்டு வடிந்து வேறு ஏதோ ஒன்று வந்து நின்றது. அவர் கையுறையின் நூலைப் பிய்த்தார்.

"பள்ளிக்கூடத்துல வாத்தியார்களுக்கு வீடு கட்டிக் குடுக்கறாங்களாம்" என்றார் கடைசியில். "குழாய்லயே சுடுதண்ணி வருமாம். மூணாவது மாடியாம். மூணு மாடி ஏற என் முட்டியால ஆகாது. அது ஊருக்கே தெரியும்."

ஐந்தாவது நிபந்தனை அதுதான். நிபந்தனையாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஷூயுன் கெண்டியை மறுகைக்கு மாற்றினாள். கை வலித்தது. அதைக் கோபமாக ஆக்கிக்கொண்டாள்.

"அந்த வீடு வேணாம்னு அவர் போன வாரமே எழுதிக் குடுத்துட்டாரு. இங்க வந்து நம்மளோட இருக்கறேன்னுதான் கேக்க வந்தாரு. சமையல்கட்டுப் பக்கத்து அறை போதும்னாரு. அதச் சொல்லத்தான் வாயத் திறந்தாரு. அதுக்குள்ள நீங்க நாக்கைப் பிடிச்சு வச்சுட்டீங்க."

"ஆ" என்றார் வாத்தியார். மற்றதைவிடத் தெளிவான ஆ.

கிழவர் எழுந்தார். தொட்டியை நிமிர்த்தி வைத்தார். அதன் அடியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"கெண்டியப் பிடிச்சுட்டு என்ன மரம் மாதிரி நிக்கறே" என்றார். "மாப்பிள்ளைக்கு ஊத்து."

அவள் ஊற்றினாள். மெல்ல, நிறுத்தாமல், நாக்குக்கும் இரும்புக்கும் நடுவில் படும்படி. வளையம் இருண்டு பளபளத்தது. வாத்தியார் சட்டென்று பின்னால் வந்து லோ அக்காவின் காலை மிதித்தார். நாக்கு நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான் சேதம். ஊற்றிய தண்ணீர் தரையில் விழுந்த இடத்தில் உறைந்து, பார்க்க வந்தவர்களில் இரண்டு பேரைத் திரும்பும்போது வழுக்கிவிட்டது.

உள்ளே காங் மேடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். சூடான மூலையில் கிழவர் தானே உட்கார்ந்துகொண்டார். முதலாவது நிபந்தனை அது. ஷூயுன் வாத்தியாருக்கு ஆறிய கஞ்சியைக் கொடுத்துவிட்டு, அவர் கொண்டுவந்த பேரிக்காய்களைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாள். கருங்கல் மாதிரி இருந்த காய்கள் கொஞ்ச நேரத்தில் தங்கள் குளிரைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு உள்ளே இளகி, வெளியே கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டன. வேறு நாளாக இருந்தால் வாத்தியார் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பார். இன்றைக்கு அவர் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன திக்ரி இது?" என்றார் வீங்கிய நாக்கோடு.

"அறுபது" என்றார் கிழவர் பணிவாக.

"அறுபது உறையாது."

"எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை. நான் பனிக்கட்டி அறுத்தவன். புட்டி நிரப்பறது என் மருமக. அவளக் கேளுங்க."

ஷூயுன் பேரிக்காயின் கண்ணாடிச் சட்டையைத் தட்டி உடைத்துக்கொண்டே இருந்தாள். காது வரைக்கும் சூடு ஏறியது.

"டாக்டர் சொன்னாரு" என்றாள்.

"டாக்டர் தண்ணி ஊத்தச் சொன்னானா?"

"குடிக்கவே கூடாதுன்னாரு. நான் பாதி கேட்டேன், பாதி கேக்கல. இவ்வளவு நாளும் பாதிதானே குடிச்சீங்க, அதான் இன்னும் உக்காந்து நிபந்தனை போட்டுட்டு இருக்கீங்க."

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமி இருமிச் சிரித்தார். "பாதியா? அம்மாடி, அந்த உறைந்த டோஃபுப் பலகைக்குப் பின்னாடி ஒரு கிண்ணம் இருக்குமே, பாத்ததில்லையா?"

அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு குளிர்காலமும் காலையில் அங்கே ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டிச் சில்லு கிடக்கும். பூனைக்குத் தண்ணீர் வைக்கிறார், மனுஷன் மேல் இல்லாத இரக்கம் பூனை மேல் இருக்கிறது என்று நினைத்திருக்கிறாள்.

"நீ தண்ணி கலந்தே. நான் ராத்திரி கிண்ணத்துல ஊத்தி வெளிய வச்சேன். உன் தண்ணி உறைஞ்சு தனியா நின்னுது. சில்லை அள்ளிக் கொட்டிட்டு மிச்சத்தைக் குடிச்சேன். கம்முனு ஏறும். ஆத்துல நான் அறுக்காத பனிக்கட்டியா?" கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோடையிலதான் கஷ்டம். கோடையெல்லாம் நீ ஜெயிச்சே."

வாத்தியார் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். வலியையும் மறந்து முகம் மலர்ந்தது. "தண்ணி முதல்ல உறையும்... ஆல்கஹால் பின்தங்கும்... பிரமாதமான முறை" என்றார்.

"நீங்க யார் பக்கம்?" என்றாள் ஷூயுன்.

வாத்தியார் மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டார். குடித்தனம் என்றால் என்னவென்று அப்போதே கொஞ்சம் புரிந்துகொண்டார் போல.

புத்தாண்டு வசந்த விழாவுக்கு முன்பே கல்யாணம் நடந்தது. பூரணம் வைத்த கொழுக்கட்டை, உறைந்த டோஃபுக் குழம்பு, பேரிக்காய். கூட்டத்தில் வாத்தியார் விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோதெல்லாம் லோ அக்கா, "கதவுப்பக்கம் கூட்டிப் போகட்டுமா?" என்று கேட்டு நிறுத்தினாள். வளையத்தில் ஷூயுன் புது ரஜாய்த் துணியைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள். உண்மையான அறுபது டிகிரியில் இன்னொரு தடவை செய்து பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும் என்று மாப்பிள்ளை அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனாருக்கும் மருமகளுக்கும் ஓர் உடன்படிக்கை ஆகியிருந்தது. நாளுக்கு ஒரே கோப்பை. ஆனால் கலப்படமில்லாதது. கிழவர் எதையும் சொன்னால் நம்புகிறவர் இல்லை. கல்யாண ராத்திரி தன் கோப்பையைக் குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வெளியே வைத்துவிட்டுப் படுத்தார். உறைந்தால் மருமகள் பொய், உறையாவிட்டால் சத்தியம்.

காலையில் போய்ப் பார்த்தார். சாராயம் தெளிவாக, ஒரு ஊசி பனிகூட இல்லாமல் ஆடியது. ஆனால் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

"இது என்ன கணக்கு?" என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். "தண்ணி கலந்தாத்தானே குறையும்னீங்க மாப்பிள்ளை. கலக்காதது ஏன் குறையுது?"

ஷூயுன் தொட்டிமேல் குனிந்து சோயாப் பாலில் உப்புநீரை விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பால் திரண்டு வந்துகொண்டிருந்தது. வழக்கத்தைவிட அவள் கன்னம் சிவந்திருந்தது. அது ஆவியாகவும் இருக்கலாம். வாத்தியார் பக்கத்தில் நின்று வடிகட்டும் துணியைப் பிடித்திருந்தார். மனைவியின் மூச்சில் அவருக்கு வந்தது சோயா வாசனை இல்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ஆவியாயிருக்கும்பா" என்றார். "தண்ணி அளவுக்கு அது கெட்டியாக் கை கோக்காது. இருக்கிற இடத்தை விட்டுச் சுலபமாக் காத்துல கிளம்பிடும்."

"இந்தக் குளிர்லயா?"

"இந்தக் குளிர்லயும்" என்றார் வாத்தியார், துணியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு.